பையனுக்கு ஆகாத பால்

என் சின்னப் பையனுக்கு 19 வயசு. ரெண்டு வருசமாவே ஒவ்வொரு வாய் சோத்துக்கும் ஒரு மடக்கு தண்ணி குடிப்பான். கறி வெச்சா ஒதுக்கிருவான். போன தை மாசம் ஒரு துண்டு கறி நெஞ்சுல சிக்கி, எச்சில்கூட எறங்கல. எண்டோஸ்கோப்பி வெச்சு எடுத்த டாக்டர், அப்பவே உணவுக்குழாயில கொஞ்சம் சதை கிள்ளி சோதனைக்கும் அனுப்பினார்.

ஈசினோபிலிக் ஈசோபேஜைட்டிஸாம். ஈசினோபில்ங்கிற வெள்ளணுக்களுக்கு உணவுக்குழாயில வேலையே இல்ல. மைக்ராஸ்கோப்புல ஒரு பார்வைக்கு 15ம் அதுக்கு மேலயும் தெரிஞ்சா இந்த நோய்னு சந்தேகப்படணுமாம். இதுவும் ஒரு அலர்ஜிதான். ஆனா எந்தச் சாப்பாட்டால வருதுன்னு தோல் டெஸ்டோ ரத்த டெஸ்டோ நம்பிக்கையா சொல்லாது. நிறுத்திப் பாத்துத்தான் கண்டுபிடிக்கணும்.

பால், கோதுமை, முட்டை, சோயா, கடலை முந்திரி வகை, மீன் இறால்னு ஆறு இருக்கு. எங்க டாக்டர் முதல் ரெண்டை மட்டும் எட்டு வாரம் நிறுத்தச் சொன்னார்.

கோதுமைன்னா சப்பாத்தி, பரோட்டாவோட போச்சுன்னு நெனச்சீங்களா? கூட்டுப் பெருங்காயத்துலயே மைதா கலந்திருக்குங்க! டப்பாவைத் திருப்பிப் படிக்கறதுக்கு வீட்டுக்காரி பழகிட்டா. பிஸ்கட்டுல பால் பவுடர். நெய்யும் கூடாது. வெள்ளாட்டுப் பால் குடுங்கன்னு பலபேர் சொன்னாங்க, அதுவும் கிட்டத்தட்ட அதே புரதம்தானாம். ராகிக்களியும் கொள்ளுப் பருப்பும் அவனுக்குக் கை குடுத்துச்சு. கம்மங்கூழைத்தான் மோர் ஊத்தாம எப்படிக் குடிக்கறது? ரசம் ஊத்திக் குடிச்சான். சுண்ணாம்புச் சத்துக்கு முருங்கைக்கீரை, எள்ளு.

மறுபடி குழாய் விட்டுப் பாத்தப்ப அணுக்கள் நல்லாக் குறைஞ்சிருந்துச்சு. அப்புறம் கோதுமையை மட்டும் திரும்பக் குடுத்து, இன்னொரு தடவ பாத்தாங்க. ஒண்ணும் ஏறல. பாலை மட்டும் நிறுத்தியே இருக்கட்டும்னுட்டார்.

கல்யாண வீட்டுலதான் சங்கடம். "ஒரு வாய் பாயசம் குடிச்சா என்ன ஆயிரும்?"ங்கறாங்க. அன்னிக்கு ஒண்ணும் தெரியாது. உள்ளுக்குள்ள வீங்கி வீங்கி வருசக் கணக்குல குழாயே சுருங்கிரும், அதை யாருகிட்டப் போய் விளக்கறது?

எங்க அம்மாவுக்கு வயசு 80. தயிர் இல்லாத சோறு என்ன சோறுன்னு மருகிட்டே இருக்குது. மாட்டை வித்திரலாமான்னு வீட்டுக்காரி கேட்டா. பையன்தான் வேண்டாம்னுட்டான். மாசச் செலவு சொசைட்டிப் பால் பணத்துலதானே ஓடுது! செவலை இப்ப நிறைசினை. இந்தத் தடவ சீம்பால் பக்கத்து வீட்டுக் கொழந்தைகளுக்குங்க.