பிழை யாருடையது?



தாப்பாவில் என்னிடம் ஆறாம் ஆண்டு பயின்ற மாணவர் ஒருவர் இன்று மென்பொருள் பொறியாளர். அண்மையில் அவர் கூறிய செய்தி என்னை வெகுவாகச் சிந்திக்க வைத்தது. நிரல் சரியாக எழுதப்பட்டிருந்தும் விடை தவறாக வரக்கூடுமாம்!

நாம் எழுதும் நிரலைக் கணினி நேரடியாகப் புரிந்துகொள்வதில்லை. கம்பைலர் எனப்படும் தொகுப்பியே அதனை இயந்திர மொழிக்கு மாற்றித் தருகின்றது. அதுவும் மனிதர் படைத்ததுதான். ஐந்து மாணவர்களின் புள்ளிகளை வைக்க ஐந்து கட்டங்கள் கொண்ட ஓர் அணியை அமைப்பதாகக் கொள்வோம். முதல் இரு கட்டங்களுக்கு மட்டும் 10, 20 என மதிப்புத் தருகிறோம். சி மொழியின் விதிப்படி எஞ்சிய மூன்றும் 0 ஆக வேண்டும். தொகுப்பி அதனைச் செய்யத் தவறினால், நினைவகத்தில் முன்பு கிடந்த எண்களே அங்கு இருக்கும். கூட்டினால் 30 வரும் என்று நம்ப இயலாது.

அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரே நிரலைப் பல தொகுப்பிகளிடம் கொடுத்து, விடைகளை ஒப்பிட்டுப் பார்த்தனர். மூன்று ஆண்டுகளில், அதுவரை அறியப்படாத 325க்கும் மேற்பட்ட பிழைகளைக் கண்டறிந்ததாக 2011இல் அறிவித்தனர்.

இத்தகைய பிழையை எவ்வாறு களைவது? முதலில் நிரலைச் சிறிது சிறிதாகக் குறைக்க வேண்டும். பிழை மட்டும் எஞ்சும் சில வரிகள் கிடைக்கும். பின்னர், தொகுப்பி உருவாக்கிய கட்டளைகளைப் படித்து, 0 நிரப்பும் கட்டளை எந்தப் படியில் விடுபட்டது எனத் தேட வேண்டும். திருத்திய பின்னரும் அச்சில வரிகளை வீசிவிடுவதில்லை. தொகுப்பியைப் புதுப்பிக்கும்போதெல்லாம் அவற்றைக் கொண்டு மீண்டும் சோதிக்கின்றனர்.

இதனைக் கேட்டபோது, 2003 தொடங்கிக் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்தில் போதிக்கப்பட்ட ஆண்டுகள் என் நினைவுக்கு வந்தன. ஆங்கிலத்தில் வினாவைக் கண்டு திகைத்த பிள்ளை, அதையே தமிழில் கேட்டவுடன் விடை சொன்னதைப் பலமுறை கண்டிருக்கிறேன். கணக்கு அப்பிள்ளைக்குத் தெரியும். இடையில் நின்ற மொழிபெயர்ப்பில்தான் தடை.

ஆகவே, சிவப்பு மையால் கோடு போடுமுன் வினாவைச் சுருக்கிக் கேட்போம். தாய்மொழியில் கேட்போம். எந்தப் படியில் தடுக்கியது என்று பார்ப்போம். வீட்டில் பெற்றோரும் இதனைச் செய்யலாம். தவறான விடை கண்டவுடன் பிள்ளையைக் குறை கூறுவது எளிது. தவறு பிறந்த இடத்தைத் தேடுவதே ஆசிரியப் பணி.

சிந்திப்போம்.