‘ரேட்டர்’ என்றொரு சொல்

பத்தாம் வகுப்பு மாணவியராகிய எங்களை இவ்வாண்டு எல்லோரும் எடை போடுகிறார்கள். ஊரிலிருந்து வரும் பெரியம்மா முதல் தெருமுனைக் கடைக்காரர் வரை கேட்பது ஒரே கேள்விதான்: “எத்தனை மார்க்கு?” இப்படி மதிப்பிடுகிறவரைக் குறிக்க ஆங்கிலத்தில் ‘ரேட்டர்’ என்றொரு சொல் உண்டு.

கற்பிப்பவர் ‘டீச்சர்’ ஆவதுபோல், ‘ரேட்’ செய்பவர் ‘ரேட்டர்’. ‘கணக்கிடப்பட்டது’ என்னும் பொருளுடைய லத்தீன் சொல்லே இதன் வேர். அன்றாடப் பேச்சில் இது அதிகம் இல்லை. தேர்வுத் துறையில் வழங்குகிறது. ஒரே கட்டுரையை இரண்டு ரேட்டர்கள் தனித்தனியே படித்து மதிப்பெண் இடுவதுண்டு. ஒருவர் கண்ணுக்குத் தப்பியது மற்றவர் கண்ணில் படும் அல்லவா? ‘ரேட்’ என்பதற்குக் கடிந்துகொள்ளுதல் என்ற பழைய பொருளும் அகராதியில் இருக்கிறது. எங்களை மதிப்பிடுகிறவர்களில் சிலர் இரண்டு பொருளையும் நன்கு கற்றவர்கள் போலும்!

‘ஃபர்ஸ்ட் ரேட்’ என்று புகழ்கிறோமே, அது பிரிட்டிஷ் கடற்படை தந்த வழக்கு. பாய்மரப் போர்க்கப்பல்களைப் பீரங்கிகளின் எண்ணிக்கைப்படி ஆறு தரமாகப் பிரித்தார்கள். 100 பீரங்கிகளும் அதற்கு மேலும் இருந்தால் முதல் தரம். 1805ஆம் ஆண்டு டிரபால்கர் போரில் நெல்சன் ஏறியிருந்த ‘விக்டரி’ 104 பீரங்கிகள் கொண்ட முதல்தரக் கப்பல். ஆனால் அவர் அணிவகுத்த 27 பெரும் போர்க்கப்பல்களுள் முதல் தரம் 3; இரண்டாம் தரம் 4; மீதி 20 கப்பல்களும் மூன்றாம் தரமே! அவையின்றி அந்த வெற்றி ஏது?

அன்று தரம் பிரித்தவர்கள் பீரங்கிகளைத்தான் எண்ணினார்கள். மாலுமிகளின் துணிவை எண்ணவில்லை. கப்பலை விட்டு மனிதரிடம் வந்த பிறகே ‘மூன்றாம் தரம்’ வசைச்சொல் ஆயிற்று.

எங்கள் வகுப்பிலும் கணக்கில் நாற்பதைத் தாண்டாத தோழி ஒருத்தி இருக்கிறாள். நோயுற்ற தாய்க்குக் கஞ்சி வைத்துக் கொடுத்து, தம்பி தங்கையருக்குத் தலைவாரிவிட்டு, முதல் மணிக்கு முன்பே பள்ளிக்கு வந்துவிடுவாள். அதற்கு முன்னேற்ற அறிக்கையில் கட்டம் இல்லை. மதிப்பெண்ணே வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை, பீரங்கியும் தேவைதான். எதை எண்ணினோம், எதை எண்ணாமல் விட்டோம் என்பதை மறவாதவரே நல்ல ரேட்டர்.

நம் தமிழில் மதிப்பிடுதலும் மதித்தலும் ஒரே சொல்லிலிருந்து பிறந்தவை. அன்புத் தோழியரே, நாளை நாமும் தாயாகவும் ஆசிரியையாகவும் அதிகாரியாகவும் பிறரை மதிப்பிடும் இடத்தில் இருப்போம். அன்று முதலில் மதிப்போம், பிறகு மதிப்பிடுவோம்!