தேள் முத்திரை வண்டி

ஜனவரி 7, 2024, ஞாயிறு

கொரியர், ஜப்பானியர், பிரெஞ்சுக்காரர் ஆகியோருடைய கார்களும் ஜெர்மானியருடைய லாரிகளும் இரவு பகல் என்ற பேதமின்றிப் பிறந்து வெளியேறிக்கொண்டிருக்கும் ஒரு பிரதேசத்தின் வாசலிலே குடியிருந்துகொண்டு, இந்த நாட்டில் தன் பெயரில் கார் விற்பதையே விட்டுவிட்ட ஓர் இத்தாலியக் கம்பெனியின் பழைய வண்டியைத் தேடி அலைவது விவேகமுள்ளவன் செய்கிற காரியந்தானா என்று, இன்று மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தபோது என் மைத்துனர் கேட்டார். கேள்வியில் நியாயம் உண்டு. இருங்காட்டுக்கோட்டையிலிருந்து 1998-இல் முதல் சான்ட்ரோ வெளிவந்தது. ஒரகடத்தில் 2010-இல் ரெனோ-நிசான் ஆலையும், இரண்டாண்டு கழித்து பாரத்பென்ஸ் ஆலையும் வந்தன. இன்றைக்கு நந்தம்பாக்கத்தில் உலக முதலீட்டாளர் மாநாடு ஆரம்பமாகியிருக்கிறது. வியட்நாம் தேசத்துக் கம்பெனி ஒன்று தூத்துக்குடியில் மின்சாரக் கார் செய்யப்போவதாகப் பத்திரிகையில் முதல் பக்கத்துச் செய்தி. "மாமா, இத்தனையும் வீட்டு வாசல்லயே இருக்கு. உங்களுக்கு மட்டும் எதுக்கு அந்த இத்தாலிக்காரன்?" என்றார்.

பதில் சொல்லாமல் ரசத்தை ஊற்றிக்கொண்டேன். நான் தேடுவது பியட் புன்டோவின் அபார்த் என்னும் பிரத்தியேக வகை. 2015 அக்டோபரில் 9.95 லட்ச ரூபாய்க்கு டில்லி ஷோரூம் விலை வைத்து அதை விற்பனைக்கு விட்டார்கள். 1,368 சி.சி. பெட்ரோல் இன்ஜின், டர்போ, 145 குதிரைத்திறன், நான்கு சக்கரத்திலும் டிஸ்க் பிரேக்; பத்து லட்சத்துக்குள் அத்தனை பலமுள்ள ஹாட்ச்பேக் அக்காலத்தில் இந்தியாவில் வேறொன்று இல்லை. வாங்கினவர்கள் சிலர், பேசினவர்களே அதிகம்.

ஜனவரி 10, புதன்

இத்தாலிய வண்டி நமக்கு அந்நியமானது என்று மைத்துனர் நினைப்பதில்தான் எனக்குச் சம்மதம் இல்லை. பம்பாய் குர்லாவில் வால்சந்த் ஹீராசந்தின் பிரீமியர் ஸ்தாபனம் பூட்டி அனுப்பிய பியட் 1100, பெயர் மாறிப் பிரீமியர் பத்மினியாகி, டாக்டர் வீட்டு வாசலிலும் வக்கீல் வீட்டு வாசலிலும் கல்யாண ஊர்வலத்திலும் நின்ற காலம் இந்த ஊர்களுக்கும் உண்டு. அப்பால் யூனோ வந்தது, 2001-இல் பாலியோ வந்தது, பாலியோவின் 1.6 லிட்டர் வகைக்கு டெண்டுல்கர் பெயரை ஒட்டி எஸ்-10 என்று ஒரு தனிப் பதிப்பே போட்டார்கள். பெட்ரோல் குடிக்கிறது என்ற அபவாதம் அந்த 1.6-ஐக் கவிழ்த்தது. பியட்டின் 1.3 லிட்டர் டீசல் இன்ஜினோ, மாருதி ஸ்விஃப்ட்டுக்குள்ளும் டாடா வண்டிகளுக்குள்ளும் புகுந்து, 'தேசிய இன்ஜின்' என்ற பரிகாசப் பட்டத்தோடு தேசம் முழுவதும் சஞ்சரித்தது. அதை ஓட்டினவர்களில் எத்தனை பேருக்கு அதன் பூர்வீகம் தெரியுமோ!

அபார்த் என்பது ஒரு மனிதருடைய பெயர். வியன்னாவில் 1908 நவம்பரில் பிறந்த கார்லோ அபார்த், பந்தயங்களில் அனுபவப்பட்டு, இத்தாலிக்கு வந்து 1949-இல் சொந்தக் கம்பெனி தொடங்கினார்; தம்முடைய ராசி விருச்சிகமாதலால் தேளையே முத்திரையாக வைத்துக்கொண்டார். சாதாரணக் குடும்பஸ்தர் வாங்குகிற சின்ன பியட்டை எடுத்து, இன்ஜினையும் புகைக்குழாயையும் திருத்தி, பெரிய வண்டிகளை வெட்கப்படச் செய்வது அவருடைய வித்தை. 1971-இல் கம்பெனியைப் பியட்டுக்கே விற்றுவிட்டார். ஜாதகத்தை வண்டியின் முகத்தில் பொறித்த ஐரோப்பியரை நம் ஊர்க்காரர்கள் அங்கீகரிக்கத் தடை என்ன இருக்கிறது?

ஜனவரி 13, சனி

போரூர்ப் பக்கத்துப் புரோக்கர் ஒருவரிடம் சிவப்பு அபார்த் ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனேன். மேனி பளபளத்தது, உள்ளே ஊதுவத்தி வாசனை. சென்னையில் பழைய வண்டி வாங்குகிறவன் மீட்டரைப் பார்ப்பதற்கு முன்னால் வெள்ளத்தைப் பார்க்கவேண்டும் என்பது என் தீர்மானமான அபிப்பிராயம். 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி திறந்துவிடப்பட்டு அடையாற்றங்கரை முழுவதும் மூழ்கிய இரவில் எத்தனை வண்டிகள் தண்ணீரில் நின்றன என்பதை இப்பக்கத்தார் மறக்கமாட்டார்கள். போன மாதம் மிக்ஜாம் புயல் அடித்து ஓய்ந்து இன்னும் ஆறு வாரம் ஆகவில்லை. நின்ற இடத்தில் மூழ்கிய வண்டியைக்கூட ஒருவாறு தேற்றிவிடலாம். தண்ணீருக்குள் ஸ்டார்ட் செய்த வண்டியைத் தேற்றுவது துர்லபம். காற்றைச் சுருக்கலாம், நீரைச் சுருக்க முடியாது. ஆகையால் சிலிண்டருக்குள் புகுந்த நீரின் மேல் பிஸ்டன் மோதுகிறபோது கனெக்டிங் ராட் வளைந்துபோகிறது.

சீட் பெல்ட்டைக் கடைசி வரைக்கும் வெளியே இழுத்தேன். எவ்வளவு கழுவினாலும், சுருளுக்குள்ளே இருக்கிற அந்தக் கடைசி முழத்தை யாரும் கழுவுவதில்லை. அங்கே வண்டல் கோடு ஒன்று தெளிவாகத் தெரிந்தது. ஸ்டெப்னி கிடக்கிற பள்ளத்தில் விரலை விட்டால் நைஸ் மண். புரோக்கர் சிறிதும் கலங்காமல், "சார், அது முன்னாடி ஓனர் பீச்சுக்குப் போனது" என்றார். அந்தச் சமயோசிதத்துக்காக ஒரு டீ வாங்கிக் கொடுத்துவிட்டுத் திரும்பினேன்.

ஜனவரி 27, சனி, கோயம்புத்தூர்

கார்ப்பித்து என்பது ஓர் ஊருக்கே வருமானால் அது கோயம்புத்தூருக்கு வந்திருக்கிறது. கரிவரதன் பந்தயக் கார்களைத் தாமே செய்து வாலிபர்களைப் பழக்கிய ஊர். நாராயண் கார்த்திகேயனை ஃபார்முலா ஒன் பந்தயத்துக்கு அனுப்பிய ஊர். இங்கே ஒரு வண்டியைப் பார்க்கப்போனால் அண்டை வீட்டாரும் வந்து அபிப்பிராயம் சொல்கிறார்கள்.

விற்கிறவர் அயல்நாட்டு உத்தியோகத்துக்குப் புறப்படும் இளைஞர். 2016-இல் புதிதாக வாங்கினதிலிருந்து அவர் ஒருவரே ஓனர். காலையில் ஸ்டார்ட் செய்யாமல் வைத்திருக்கவேண்டும் என்று முன்கூட்டியே கேட்டுக்கொண்டிருந்தேன்; சூடேற்றி வைத்த இன்ஜின் தன் நோயைச் சொல்லாது. சாவியைத் திருப்பியதும் சிறிது இரைந்து, பிறகு அடங்கி, சீராக நின்றது. குழாயில் நீலப் புகை இல்லை. நீலம் வந்தால் ஆயில் எரிகிறது என்று பொருள், டர்போ ஓய்ந்துவிட்டதாகவும் இருக்கலாம். முன் சக்கரத்துப் பக்கம் ஒரு கொட்டு சத்தம் கேட்டது: லோயர் ஆர்ம் புஷ் தேய்மானம். அதை அவரே முந்திக்கொண்டு சொன்னார். எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு தடித்த ஃபைல் வைத்திருந்தார். ஆயில் மாற்றிய ரசீது முதற்கொண்டு வைப்பர் பிளேடு ரசீது வரைக்கும் தேதிவாரியாக அடுக்கியிருந்தது. நான் விலை கொடுத்தது பாதி வண்டிக்கு, பாதி அந்த ஃபைலுக்கு.

டைமிங் பெல்ட் மாற்றின ரசீது மட்டும் அதில் இல்லை. கேட்டேன்.

"கிலோமீட்டர் இன்னும் வரலீங்க சார், அதான் மாத்தலை."

"கிலோமீட்டர் வரலை, எட்டு வருஷம் வந்துடுச்சே தம்பி?"

சிரித்துவிட்டு விலையில் கொஞ்சம் இறங்கினார். ரப்பர் ஓட்டத்தை மட்டும் எண்ணுவதில்லை, வயதையும் எண்ணுகிறது. அது அறுந்தால் பிஸ்டனும் வால்வும் மோதிக்கொண்டு இன்ஜினுக்கே ஆபத்து. பெயர் மாற்றத்துக்கான படிவம் 29-இலும் 30-இலும் கையெழுத்தாயிற்று. கடன் பாக்கி இல்லை. இன்ஷூரன்ஸ் நடப்பில் இருக்கிறது. சாவியைக் கொடுக்கிறபோது அவர் ஒரு விஷயம் சொன்னார்: "டர்போ வண்டிங்க. வேகமா ஓட்டிட்டு வந்து நிறுத்தின உடனே சாவியைத் திருப்பிடாதீங்க. ஒரு நிமிசம் சும்மா ஓடட்டுங்க." காரணம் எனக்குத் தெரியும்: நிமிஷத்துக்கு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலுகிற அந்தத் தண்டு, மெல்லிய ஆயில் படலத்தின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது, இன்ஜின் நின்றால் ஆயிலும் நின்றுவிடும், சூடு மட்டும் நிற்காது. தெரிந்திருந்தும் முதன்முறையாகக் கேட்பவனாக முகத்தை வைத்துக்கொண்டு கேட்டேன். அது அவர் வண்டிக்குச் சொல்லிக்கொண்ட பிரியாவிடை.

ஜனவரி 28, ஞாயிறு

விடியுமுன் புறப்பட்டு, சேலம், கிருஷ்ணகிரி, வேலூர் மார்க்கமாகப் பிரயாணம். இந்த இன்ஜினின் சுபாவத்தை ஒரு பகலில் அறிந்துகொண்டேன். 2,000 சுற்றுக்குக் கீழே, யோசித்துப் பேசுகிற பெரிய மனிதரைப் போலச் சற்றுத் தயங்குகிறது. அதைத் தாண்டினதும், வீணாய்ப் போகவேண்டிய புகையே விசையாகி டர்போவைச் சுழற்றி, காற்றை அழுத்தி உள்ளே தள்ள, முதுகு சீட்டில் பதிகிறது. தொப்பூர்க் கணவாயில் லாரிகள் முதல் கியரில் முனகிக்கொண்டு ஏறுகிற மேட்டில் மூன்றாம் கியரிலேயே சுகமாக ஏறியது. ஸ்டீயரிங் இக்காலத்து மின்சார ஸ்டீயரிங் அன்று, பழைய ஹைட்ராலிக் வகை. நிறுத்துமிடங்களில் கை வலிக்கும், ஆனால் சாலை எப்படியிருக்கிறது என்பதை மறைக்காமல் உள்ளங்கைக்குச் சொல்லிவிடும்.

வேகமாகப் போனேனா என்று கேட்டால், இல்லை. எதிரே வருகிறவன் எந்தப் பக்கம் வருவான் என்று தெரியாத தேசத்தில் 145 குதிரைகளையும் அவிழ்த்துவிடுகிறவன் பிறர் உயிரைப் பணயம் வைக்கிறவன். வேண்டியபோது இருக்கிறது என்கிற நினைவே போதுமான ஆனந்தம். சுங்கச்சாவடியைத் தாண்டி முதல் கியரிலிருந்து மூன்றாம் கியர் வரைக்கும் கிடைக்கிற அந்தச் சில நொடிகளே என் பந்தயம். சுங்குவார்சத்திரத்தை எட்டியபோது ஷிப்ட் முடிந்த கம்பெனி பஸ்கள் சாலையை அடைத்துவிட்டன. அப்புறம் குன்றத்தூரில் வீடு வரைக்கும் இரண்டாம் கியர்தான்.

பிப்ரவரி 4, ஞாயிறு

குன்றத்தூர் முருகன் மலையடிவாரத்தில் வண்டிக்குப் பூஜை. அர்ச்சகர் தேள் முத்திரைக்குச் சந்தனமிட்டு, "இது என்ன கம்பெனி சார்?" என்றார். சொன்னேன். "அது போயிடுச்சே!" என்றார். சேக்கிழார் பிறந்த ஊரில் அர்ச்சகருக்குக்கூட வாகன சரித்திரம் தெரிந்திருக்கிறது. நான்கு எலுமிச்சம்பழத்தையும் நசுக்கிக்கொண்டு வண்டி நகர்ந்தது. வருகிற வழியில் ஒரு வேகத்தடையில் அடிவயிறு உரசியது. தரைக்கும் வண்டிக்கும் 155 மில்லிமீட்டர்தான் இடைவெளி, பஞ்சாயத்துக்கு ஒன்றாக முளைத்திருக்கிற வேகத்தடைகளுக்கோ அளவென்பதே கிடையாது. இனிக் குறுக்காகச் சாய்த்துத்தான் ஏற்றவேண்டும்.

மார்ச் 3, ஞாயிறு

மாங்காட்டுச் சாலையில் தகரக் கொட்டகை போட்ட ஒரு பட்டறை. நடத்துகிறவர் முன்னொரு காலத்தில் பியட் சர்வீஸில் வேலை கற்றவர். அந்த ஷோரூம் போனபின் சொந்தமாகக் கொட்டகை போட்டுக்கொண்டார். டைமிங் பெல்ட், டென்ஷனர், வாட்டர் பம்ப் மூன்றையும் ஒன்றாக மாற்றச் சொன்னார். பிரிக்கிற கூலி ஒன்றுதான் என்பது அவர் கணக்கு. இன்ஜினில் பல உருப்படிகள் பியட்டின் லீனியா டி-ஜெட் வண்டிக்கும் இதற்கும் பொது. லோயர் ஆர்ம் மட்டும் கிடைக்காமல் ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக் கடைகளில் ஏறி இறங்கி, கடைசியில் புதுப்பேட்டையில், விபத்தில் முன்பக்கம் தப்பிப் பின்பக்கம் நொறுங்கின ஒரு புன்டோவிலிருந்து கழற்றி எடுத்ததாக ஒன்று அகப்பட்டது.

நான் அங்கே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தபோது, பக்கத்தில் ஒரு போர்டு ஃபிகோவும், கதவு கழற்றின ஒரு பாலியோவும் நின்றன. மறைமலை நகரில் போர்டு உற்பத்தியை நிறுத்தியது 2022-இல். பியட்டின் ரஞ்சன்காவ் ஆலை மூடப்படவில்லை. அங்கே இப்போது ஜீப் உருவாகிறது, புன்டோவின் வரிசை மட்டும் ஓய்ந்துவிட்டது. இங்கிருந்து பத்துப் பன்னிரண்டு மைல் சுற்றளவில் கோடிக்கணக்கான முதலீட்டில் யந்திர மனிதக் கைகள் புது வண்டிகளுக்கு வெல்டிங் வைத்துக்கொண்டிருக்கின்றன. அந்த வண்டிகள் எத்தனை வருஷம் ஓடும் என்பதை நிச்சயிக்கிறவர் இந்தக் கொட்டகையில், கிரீஸ் கையோடு, பனியனைத் தோளில் போட்டுக்கொண்டு நிற்கிறார். தொழிற்பேட்டை மகாத்மியம் பேசுகிற மாநாட்டுப் பிரசங்கங்களில் இவருக்கு இடம் இருப்பதாகத் தெரியவில்லை. ஜன்னல் கண்ணாடி ஸ்விட்சை அவர் வாங்கவே இல்லை; பழையதைப் பிரித்து, சுரண்டி, மறுபடி பூட்டினார். வேலை செய்கிறது.

மார்ச் 17, ஞாயிறு

வெள்ளிக்கிழமை முதல் பெட்ரோல் லிட்டருக்கு இரண்டு ரூபாய் குறைந்திருக்கிறது. இந்த இன்ஜினுக்கு அது பெரிய சகாயம் என்று சொல்லமாட்டேன்; ஊருக்குள் அது குடிக்கிற அளவை என் மனைவியின் கண்ணில் படாத ஒரு நோட்டில் எழுதிவைக்கிறேன். ஆர்.சி. என் பெயருக்கு மாறிவிட்டது. எண் பழைய டி.என். 38-தான், ஒரே மாநிலமாதலால் மறுபடி ஆயுள் வரி இல்லை.

மாலையில் மைத்துனரை ஏற்றிக்கொண்டு இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்துப் பக்கம் போய்வந்தேன். சோழவரத்தின் பழைய விமான ஓடுதளத்தில் வைக்கோல் கட்டுகளை அடுக்கி மோட்டார் பந்தயம் நடத்திய மெட்ராஸ் சங்கத்தார், 1990-இல் தமக்கென்று அமைத்துக்கொண்ட தடம் அது. பந்தயம் எதுவும் இல்லை; கேட் பூட்டியிருந்தது. அடுத்த கூட்டத்துக்கு வரவேண்டும் என்று அவரே சொன்னார். திரும்புகிறபோது, வெளிவட்டச் சாலையில் முன்னும் பின்னும் வெறுமையாக இருந்த ஓரிடத்தில் இரண்டாம் கியரில் ஒருமுறை அழுத்திக் காட்டினேன். "சரி" என்றார், அவரிடமிருந்து அதற்கு மேல் எதிர்பார்க்கக்கூடாது.

வீட்டுக்கு வந்ததும் பட்டறைக்காரரிடமிருந்து போன். அந்தப் பாலியோ 1.6-க்கு இடப்பக்கத்து ஹெட்லைட் தேவையாம், புதுப்பேட்டையில் இல்லையாம். கோயம்புத்தூரில் உங்களுக்குத் தெரிந்த தம்பி யாரிடமாவது விசாரித்துத் தருவாரா என்றார். அந்த இளைஞர் அடுத்த வாரந்தான் விமானம் ஏறுகிறார். நாளைக் காலை கேட்டுச் சொல்வதாக ஒப்புக்கொண்டேன்.