ராணி இல்லாத ஆட்டம்

டிசம்பர் 9, 2024

செஸ் ஆட்டத்தில் குதிரையைத் தொட்டபிறகுதான் என் பிஷப் தன் யானைக்குக் குறிவைத்திருப்பது என் மகனுக்குத் தெரிந்தது. வெடுக்கென்று கையை எடுத்துக்கொண்டு, "தொடலம்மா, சரியா வெச்சேன்" என்றான். தொட்ட காயைத்தான் நகர்த்த வேண்டும் என்றேன். யானை போயிற்று. உதடு பிதுங்கியது.

"ஆறு வயசுக் குழந்தைகிட்ட என்ன கறார்? ஒரு ஆட்டம் விட்டுக்கொடுத்தா என்ன?" என்றார் மாமியார்.

விட்டுக்கொடுக்கலாம், அது அவனுக்குத் தெரிந்து நடக்க வேண்டும். வேண்டுமென்றே தோற்றுவிட்டு, அவன் குதிக்கும்போது நானும் கைதட்டினால் அது பொய். அதனால்தான் ஆட்டம் தொடங்கும் முன்பே என் ராணியை எடுத்து டப்பாவில் போட்டுவிடுகிறேன். நான் தரும் சலுகை அவன் கண்ணெதிரே இருக்கிறது. அதற்குப் பிறகு அவன் ஜெயித்தால், அது அவனே ஜெயித்தது.

டிசம்பர் 10

உலக செஸ் சாம்பியன்ஷிப் போட்டியில் நேற்று குகேஷ் டிங் லிரெனிடம் தோற்றதில் இருவருக்கும் தலா 6 புள்ளி. பையனுக்குச் சோறு இறங்கவில்லை. அவனைத் தேற்ற, செஸ் வீரர் ஆனந்தைப் பற்றிச் சொன்னேன். ஆறு வயதில் அவருக்கு ஆட்டம் சொல்லிக்கொடுத்தது அவருடைய அம்மா சுசீலா. பிறகு சென்னை சோவியத் கலாசார மையத்தில் இருந்த தால் செஸ் கிளப்புக்குப் போனார். அங்கே ஜெயித்தவர் எழுந்திருக்கமாட்டார். தோற்றவர் வரிசையின் கடைசிக்குப் போகவேண்டும்.

"மறுபடியும் அவர் முறை வருமா?"

"வரிசையிலே நின்னா வரும்."

டிசம்பர் 12

குகேஷ் உலக சாம்பியன்! பதினெட்டே வயது, நம்ம சென்னைப் பிள்ளை. டிராவை நோக்கிப் போய்க்கொண்டிருந்த 14ஆவது ஆட்டத்தில், 55ஆவது நகர்த்தலில் டிங் லிரென் யானையைத் தவறான கட்டத்தில் வைத்துவிட்டார். தெரிந்ததும் அவர் முகம் போன போக்கைப் பார்க்க முடியவில்லை. "அவருக்கும் டச் மூவ்தானாம்மா?" என்றான் பையன். ஆமாம், உலக சாம்பியனுக்கும் அதேதான்.

எல்லாம் முடிந்தபின் குகேஷ் அழுதுகொண்டே காய்களை அதனதன் இடத்தில் அடுக்கினார். அந்தக் காட்சியை மட்டும் திரும்பத் திரும்பப் போடச்சொன்னான். இவன் தோற்கும் நாளெல்லாம் காய்கள் சோபாவுக்கு அடியில்தான் கிடக்கும்.

டிசம்பர் 14

"இன்னிக்கு உன் ராணி இருக்கட்டும்மா. ஒரு குதிரையை மட்டும் எடுத்துடு."

எடுத்தேன். அவசரப்பட்டுத் தன் ராணியை முன்னால் கொண்டுவந்து பறிகொடுத்தான், தோற்றான். கைகொடுத்துவிட்டு, சிப்பாய்களை அடுக்கிக்கொண்டே, "நாளைக்கும் குதிரைதான்" என்றான்.