சேமிக்கச் சொல்லாமலே சேமித்தது

போன தவணை, பிள்ளைகளின் புள்ளிகளைப் பதிய நாங்கள் சில ஆசிரியர்கள் சேர்ந்து ஜாவாவில் சின்ன இணையச் செயலி ஒன்று எழுதினோம். 54 ஐ 78 ஆகத் திருத்தப் போனவர் 780 என்று தட்டிவிட்டார். "100 ஐத் தாண்டக் கூடாது" என்று சிவப்பில் வந்தது. மணி அடித்ததும் பக்கத்தை மூடிவிட்டுப் போனார், பழைய புள்ளி அப்படியே இருக்கும் என்ற நம்பிக்கையில்.

தேர்ச்சி அறிக்கை அச்சானபோது அங்கே 780! முதலாமிடம் வரவேண்டிய பிள்ளை இரண்டாமிடத்தோடு அழுதுகொண்டு வீட்டுக்குப் போனது.

பிழை எங்களுடையதுதான். தரவுத்தளத்திலிருந்து எடுத்துத் தரும் ஒப்ஜெக்டை ஹைபர்னேட் கவனித்துக்கொண்டே இருக்கும். நாம் சேமிக்கச் சொல்லாவிட்டாலும், ட்ரான்ஸக்ஷன் கொமிட் ஆகும்போது மாறியதை எழுதிவிடும். நாங்களோ படிவத்தில் வந்ததை நேரே அதில் போட்டுவிட்டுப் பிறகுதான் சரிபார்த்தோம்.

இப்போது உள்ளீடு முதலில் தனி ஒப்ஜெக்ட் ஒன்றுக்குப் போகிறது. பிழையென்றால் தட்டியதையே திரும்பக் காட்டித் திருத்தச் சொல்கிறோம். சரியென்றால்தான் அசலில் இடுகிறோம். தரவுத்தளத்திலும் 0 முதல் 100 வரை என்று கட்டுப்பாடு போட்டுவிட்டோம்.

பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்டு அறிக்கையை மாற்றிக் கொடுத்தோம். துண்டுத்தாளில் கூட்டிப் பார்க்காமல் புள்ளிப் பதிவேட்டில் பேனை வைக்காத நாங்கள், கணினியில் மட்டும் அதை மறந்துபோனோமே!