ஆகாசத்துக்கு அடித்த பந்து

எங்கள் நாடுகாணியில் மைதானம் என்று நாங்கள் சொன்னது, தேயிலைச் சரிவில் வெட்டிச் சமன் செய்த ஒரு துண்டு நிலம். ஒரு பக்கத்துக் கோலுக்குப் பின்னால் தேயிலை, அதற்கும் கீழே ஓடை. நான் அடிக்கிற பந்து பெரும்பாலும் குறுக்குக் கம்பத்துக்கு மேலேதான் போகும். தேடி எடுத்து வர இருபது நிமிடம் ஆகும், அட்டைக்கடி வேறு. பையன்கள் எனக்கு வைத்த பெயர் ‘ஆகாசம்’. வயது அறுபதாகியும் அந்தப் பெயர் போகவில்லை.

2025 ஜூலை 12, சனிக்கிழமை. டப்ளின் நகரத்துக் குரோக் பார்க் அரங்கில் உட்கார்ந்திருந்தேன். பச்சையும் மஞ்சளும் போட்ட ஆட்டக்காரர் ஒருவர் பந்தை ஓங்கி உதைத்தார். பந்து குறுக்குக் கம்பத்துக்கு மேலே, இரண்டு நெடுங்கம்பங்களுக்கு நடுவே பறந்தது. ‘போச்சு’ என்று உச்சுக்கொட்ட வாயெடுத்தேன். அதற்குள் சுற்றியிருந்தவர்கள் துள்ளி எழுந்து கத்தினார்கள். கோலுக்குப் பக்கத்தில் நின்ற வெள்ளைக் கோட்டு ஆசாமி நிதானமாக வெள்ளைக் கொடியை ஆட்டினார். அது ஒரு புள்ளியாம்! நான் வாழ்நாளெல்லாம் திட்டு வாங்கிய காரியத்துக்கு இந்த ஊரில் கொடி ஆட்டுகிறார்கள்.

மகள் டப்ளினில் நர்ஸ். பேரன் பிறந்ததைச் சாக்கிட்டு நானும் மனைவியும் போயிருந்தோம். பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு எழுபத்தெட்டு வயது, பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். “அப்பா கண்டக்டரா இருந்தாங்க” என்று மகள் என்னை அறிமுகம் செய்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. நான் இருந்தது எஸ்டேட் கண்டக்டராக. மலைக்காட்டில் ஆள் கணக்கும் இலை எடையும் பார்க்கிற வேலை. அதை அவருக்கு விளக்கி முடிப்பதற்குள் சிநேகம் முற்றிவிட்டது. கடைசி வரை என்னைத் தன் தொழில்காரனாகவே நினைத்தார் என்று நினைக்கிறேன். அவர் மகனுக்கு வர முடியாமல் போக, அந்த டிக்கெட் எனக்கு வந்தது. கெர்ரி மாவட்டத்துக்கும் டைரோன் மாவட்டத்துக்கும் கேலிக் கால்பந்து அரையிறுதி. பெரியவர் பிறந்தது கெர்ரியில்.

கேலிக் கால்பந்து என்பது இதுதான். பக்கத்துக்குப் பதினைந்து பேர். உருண்டைப் பந்தைக் கையில் பிடிக்கலாம், ஆனால் நாலு எட்டுக்கு மேல் அப்படியே தூக்கிக்கொண்டு ஓடக் கூடாது. தரையில் தட்ட வேண்டும், அல்லது பாதத்தால் உதைத்துத் தன் கைக்கே வரவைக்க வேண்டும். ஓடுகிற ஓட்டத்தில் இதைச் செய்கிறார்கள் என்பதுதான் வித்தை. கோல் கம்பம் எச் எழுத்து மாதிரி இருக்கும். வலைக்குள் போனால் பச்சைக் கொடி, மூன்று புள்ளி. மேலே போனால் ஒன்று. அந்த வருடம் புதிதாக ஒரு விதி: நாற்பது மீட்டர் வளைவுக்கு வெளியிலிருந்து மேலே அடித்தால் இரண்டு, அதற்கு ஆரஞ்சுக் கொடி. நான் முப்பது வருடம் பிந்திப் பிறந்திருக்கலாம்.

பெரியவர் அந்த விதி மாற்றத்தை வெகுவாக மெச்சினார். “நடுவுல சில வருஷம் பின்னாலயே கைப்பாஸ் போட்டுப் போட்டு எங்களைத் தூங்க வெச்சாங்க. அந்த நேரத்துல சாக்கர் பார்த்திருக்கலாம்.” நம் கால்பந்துக்கு அங்கே சாக்கர் என்றுதான் பெயர். ‘ஃபுட்பால்’ என்று கெர்ரிக்காரர் சொன்னால் அது கேலிக் ஆட்டம்தான்.

எனக்கு விளங்காதது கூட்டம். அரங்கில் 82,300 பேர் கொள்ளும். இரு தரப்பு ரசிகர்களும் ஒரே வரிசையில் கலந்து உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் கயிறும் இல்லை, போலீசும் இல்லை. எனக்கு முன்னால் இருந்த டைரோன் தாத்தா கெர்ரியைக் கண்டபடி ஏசிவிட்டு, திரும்பி எங்களுக்கு மிட்டாய் நீட்டினார். அன்று வெயில் வேறு. அவர்களுக்கு அது வெப்ப அலை. ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் கிடையாது. கெர்ரியின் நட்சத்திரம் டேவிட் கிளிஃபர்ட் ஒரு பள்ளி ஆசிரியர்; ஃபோசா என்ற சிற்றூர்க் கிளப்புக்காரர். அவரைக் காசு கொடுத்து டப்ளின் வாங்க முடியாது. பிறந்து வளர்ந்த மண்ணுக்குத்தான் ஆடுவார்கள்.

“மான்செஸ்டர் யுனைடெட் தோத்தா ராத்திரி தூங்கிடுவேன்” என்றார் பெரியவர். “கெர்ரி தோத்தா மறுநாள் கடைப் பக்கம் தலைகாட்ட மாட்டேன்.”

அப்படியானால் சாக்கர் பிடிக்காதா என்று கேட்டேன். கோபித்துக்கொண்டார். 1990 உலகக் கோப்பையில் ருமேனியாவை அயர்லாந்து பெனால்டியில் வென்றபோது, அவர் ஓட்டிய பஸ்ஸில் ஒரு ஆள் இல்லையாம். காலி பஸ்ஸை ஓரங்கட்டிவிட்டு, ரேடியோ கேட்கிற வீட்டு வாசலில் போய் நின்றிருக்கிறார். அந்த அணியின் மேலாளர் ஜாக் சார்ல்டன், 1966இல் இங்கிலாந்துக்காக உலகக் கோப்பை வென்ற இங்கிலீஷ்காரர். “அந்த ஆளுக்கு நாங்க கோயிலே கட்டியிருப்போம்” என்றார்.

இரண்டு ஆட்டத்தையும் ஒருவர் நேசிப்பது ஒரு காலத்தில் குற்றமாக இருந்தது. கேலிக் விளையாட்டுச் சங்கம் 1884 நவம்பர் 1 அன்று டிப்பரரி மாவட்டத்துத் தர்லஸ் ஊரில் ஒரு ஓட்டலில் கூடித் தொடங்கியது. நம் காங்கிரஸ் மகாசபைக்கு ஒரு வயது மூத்தது. இங்கிலீஷ்காரன் ஆட்டம் ஆடுகிறவன் நம்மவன் இல்லை என்று சங்கம் விதி போட்டது. சாக்கர், ரக்பி, கிரிக்கெட், ஹாக்கி எதுவும் ஆடக் கூடாது, பார்க்கவும் கூடாது. சாக்கர் மைதான வாசலில் நின்று யார் யார் உள்ளே போகிறார்கள் என்று பெயர் எழுத ஆள் வைத்திருந்தார்கள். 1938இல் நாட்டின் முதல் குடியரசுத் தலைவர் டக்ளஸ் ஹைட் ஒரு சாக்கர் ஆட்டத்துக்குப் போய்வந்தார் என்பதற்காக, அவர் வகித்த புரவலர் பதவியையே பறித்துவிட்டார்கள். குடியரசுத் தலைவருக்கே அந்தக் கதி! தடை நீங்கியது 1971இல்.

பெரியவர் இளவட்டத்தில் வேறு பெயரில் சாக்கர் ஆடியிருக்கிறார். என்ன பெயர் என்று கேட்டேன். சொல்ல மறுத்துவிட்டார்.

கேட்டதும் எனக்கு எங்கள் மலையடிவாரம் ஞாபகம் வந்தது. நாடுகாணியில் நின்றால் ஒரு ரோடு கூடலூருக்கு, ஒன்று பந்தலூருக்கு, ஒன்று சுரம் இறங்கி நிலம்பூருக்கு. மழை ஓய்ந்ததும் நாங்கள் மூன்றாவது ரோட்டில் ஜீப் ஏறிவிடுவோம். மலப்புறத்துச் செவன்ஸ்! பக்கத்துக்கு ஏழு பேர், அறுவடை முடிந்த வயலில் மூங்கில் கேலரி, டியூப்லைட் வெளிச்சம். ஆப்பிரிக்க நாட்டு ஆட்டக்காரர் எவர் வந்தாலும் எல்லாருக்கும் பெயர் ‘சுடானி’தான். திரும்பி வரும்போது விடியும். வளைவில் ஆனை நின்றால் இன்னும் தாமதம். அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு செவன்ஸை அங்கீகரித்ததில்லை. பெரிய கிளப்பில் பதிவானவர் செவன்ஸ் ஆடினால் வம்பு. ஆகவே வேறு பெயர். அயர்லாந்தில் ஊர் ஆட்டம் உலக ஆட்டத்தைத் தடுத்தது, இங்கே உலக ஆட்டம் ஊர் ஆட்டத்தை. இரண்டு இடத்திலும் பையன்கள் பெயரை மாற்றிக்கொண்டு ஆடினார்கள்.

தடை முட்டாள்தனம் என்று எளிதாகச் சொல்லிவிடலாம். குரோக் பார்க்கில் ஹோகன் ஸ்டாண்டைக் காட்டி, அந்தப் பெயருக்குரியவரைப் பற்றிப் பெரியவர் சொன்ன பிறகு எனக்கு அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. 1920 நவம்பர் 21, இதே மைதானத்தில் டப்ளினுக்கும் டிப்பரரிக்கும் ஆட்டம். பிரிட்டிஷ் படை உள்ளே புகுந்து சுட்டது. சிறுவர்கள் உட்பட 14 பேர் செத்தார்கள், டிப்பரரி ஆட்டக்காரர் மைக்கேல் ஹோகன் உட்பட. ஜாலியன் வாலாபாக் நடந்து ஒன்றரை வருடம்தான் ஆகியிருந்தது. அந்த நேரத்துப் பஞ்சாப் லெப்டினன்ட் கவர்னர் மைக்கேல் ஓட்வையர் பிறந்ததும் இதே டிப்பரரியில் என்று நான் சொன்னபோது பெரியவர் கொஞ்ச நேரம் பேசவில்லை.

அன்னிய ஆட்டங்களுக்கு இந்தப் புல்லைத் தரக் கூடாது என்ற விதி 2005இல்தான் தளர்ந்தது. லான்ஸ்டவுன் ரோடு அரங்கை இடித்துக் கட்ட வேண்டியிருந்ததால் ரக்பிக்கும் சாக்கருக்கும் வேறு இடம் இல்லை. திறக்கக் கூடாது என்று வாதாடியவர்களில் பெரியவரும் ஒருவர். 2007 பிப்ரவரி 24 அன்று இங்கிலாந்து ரக்பி அணி வந்தது. ஹோகன் விழுந்த மைதானத்தில் அந்த நாட்டு கீதம் ஒலித்தது. ஒருவரும் கூச்சல் போடவில்லை. பிறகு அயர்லாந்து 43–13 என்று நொறுக்கியது. பெரியவர் டிவி முன்னால் அழுதாராம். அடுத்த மாதம் வேல்ஸுடன் சாக்கர் நடந்தபோது டிக்கெட் வாங்கி உள்ளே போய் உட்கார்ந்திருக்கிறார். 2020இல் இதே புல்லில் முஸ்லிம்கள் பக்ரீத் தொழுகை நடத்தினார்கள். அந்தப் படத்தைத் தன் போனில் தேடி எடுத்துக் காட்டினார்.

அன்று கெர்ரி ஜெயித்தது. நாங்கள் ஊர் திரும்பி நாலு நாளில் இறுதி ஆட்டம். நாடுகாணியில் அடைமழை, கரண்ட் இல்லை. மறுநாள் டீக்கடையில்தான் போன் உயிர் பெற்றது. பெரியவர் அனுப்பியிருந்தார்: கெர்ரி 1–26, டொனிகால் 0–19.

“இதென்ன கணக்கு?” என்றார் கடைக்கார இக்கா. உலகக் கோப்பை வந்தால் கடைக்கு மேலே அர்ஜென்டினாக் கொடி கட்டுகிறவர். ஒரு கோல், அதற்கு மூன்று. மேலே அடித்தது இருபத்தாறு. ஆக இருபத்தொன்பது என்று விளக்கினேன்.

“மேல போனா பாயிண்டா?”

“பாயிண்டுதான்.”

இக்கா டீயை ஆற்றுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு பெஞ்சில் இருந்தவர்களிடம் திரும்பினார். “கேட்டீங்களா? நம்ம ஆகாசத்தைச் சின்ன வயசுலயே அயர்லாந்துக்கு அனுப்பியிருக்கணும்.”