தூண்டில் இரை

மதுரை மாநகருக்கு வடக்கே ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில் அழகர்மலை நீண்டு கிடக்கிறது. மலையடியில் கள்ளழகர் திருக்கோயில். மலைமேல் சிலம்பாறு என்றும் நூபுர கங்கை என்றும் வழங்கும் தீர்த்தம். கோயிலுக்கு வருவோர் அத்தீர்த்தத்தையே நாடிச் செல்வர். ஆயினும் மலையைச் சூழ்ந்த வயல்களை வாழ்விக்கும் நீர் நெடுந்தொலைவிலிருந்து வருவது. 1895-ஆம் ஆண்டில் பணி முடிந்த முல்லைப் பெரியாறு அணையின் நீர், மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே கிழக்கு நோக்கித் திரும்பி, வைகையோடு கலந்து, பேரணையில் பிரிகின்றது. பின்னர்ப் பெரியாற்றுப் பிரதானக் கால்வாய் என்னும் பெயருடன், அழகர்கோயில் சாலையிலுள்ள கள்ளந்திரி வழியாக மேலூர்ப் பக்கம் செல்கின்றது.

அக்கால்வாயில் நீர் திறக்கும் நாள் உழவருக்கு மட்டுமன்றித் தூண்டிற்காரருக்கும் திருநாளே. மதகின் கீழும் பாலத்தின் நிழலிலும், நீர் சுழித்து ஆழ்ந்த இடம் பார்த்து, மாலைப் பொழுதில் மூங்கிற் கழியுடன் சிலர் அமர்ந்திருப்பர். அவர்களுள் முதியவர் ஒருவர்; அவர் அருகில் எட்டாம் வகுப்பிற் பயிலும் அவருடைய பேரன். பேரனின் கண் எப்பொழுதும் தக்கையின்மேல் இருக்கும். முதியவரின் கருத்தோ தம் காலருகில் உள்ள சிரட்டையின்மேல் இருக்கும். சிரட்டையில் ஈரமண்ணும், மண்ணுக்குள் மண்புழுவும் உள்ளன. கழியும் நரம்பும் முள்ளும் காசு கொடுத்தால் கடையிற் கிடைக்கும். இரையைத் தேர்தல் ஒன்றே தூண்டிற்காரனின் சொந்த அறிவு என்பது அவர் கொள்கை.

அவர்கள் நாடிவந்த மீன் கெளுத்தி. கெளிறு என்பதும் இதற்கு வழங்கிய பெயரே. செதிலற்ற வழவழப்பான உடலும், வாயைச் சூழ்ந்து நான்கு இணை மீசைகளும், முதுகிலும் இரு பக்கங்களிலும் கூரிய முட்களும் உடையது இம்மீன். பகலில் கல்லிடுக்கிலும் வேர்ப்பொந்திலும் ஒடுங்கிக் கிடந்து, இருள் பரவியபின் அடித்தரையைத் தடவிக்கொண்டு இரைதேடப் புறப்படும். கலங்கிய நீரில், இருட்பொழுதில், கண்ணால் ஆகும் பயன் சிறிதே. அக்குறையை மீசையும் தோலும் நிறைவு செய்கின்றன. மனிதருக்குச் சுவையறியும் மொட்டுகள் வாய்ப்பகுதியில் மட்டுமே, சில ஆயிரம் என்னும் அளவில் அமைந்துள்ளன. கெளுத்திக் குலத்து மீன்களுக்கோ அவை மீசையிலும், தலைமுதல் வால்வரை புறத்தோலிலும் பரவியுள்ளன. வட அமெரிக்காவிலுள்ள கெளுத்தியினம் ஒன்றில், ஒரு சாண் நீளமே உள்ள மீனின் மேனியில் 1,75,000-க்கு மேற்பட்ட சுவைமொட்டுகள் உண்டு என 1971-இல் வெளிவந்த ஆய்வு கூறுகின்றது. உடலெல்லாம் நாவாகப் பிறந்த உயிர் என்று இதனைச் சொல்லலாம். புழுவிலிருந்தும் இறைச்சியிலிருந்தும் நீரிற் கரையும் அமினோ அமிலங்களை இம்மீன் உணர்கின்றது. அச்சுவை மிகும் திசை நோக்கி நகர்கின்றது. ஆகவே பளபளப்பைக் காட்டிக் கெளுத்தியை மயக்குதல் அரிது. சாறு கரையும் இரையே அதற்கு வேண்டும்.

முதியவர் இந்நூல்களைக் கற்றவரல்லர். ஆயினும் அவற்றின் பயன் அவர் கையில் இருந்தது. வெற்றிலையோடு புகையிலையும் மெல்லும் பழக்கமுடைய அவர், சிரட்டையைத் தொடுமுன் கரைச்சேற்றை அள்ளி இரு கைகளையும் நன்றாகத் தேய்த்துக் கழுவுவார். சோப்பு மணமும் ஆகாது. மண்ணெண்ணெய் தொட்ட விரலாயின் அன்றைய பொழுதே வீண். (புகையிலையை விட்டுவிட்டால் இத்துணைத் தொல்லை இல்லையே என்று அவர் மனைவியார் கூறுவதுண்டு, அதற்கு மட்டும் அவரிடம் மறுமொழி இல்லை.)

"ஐயா, மீன் தொடவே இல்லை, புழு அப்படியே இருக்கிறது" என்றான் பேரன் ஒருநாள்.

"இருப்பது தோல்தான், தம்பி. ருசியைத் தண்ணீர் குடித்துவிட்டது" என்று கூறி, வெளுத்துப்போன புழுவை நீக்கிப் புதுப்புழுவைக் கோத்தார் முதியவர்.

எந்த இரை சிறந்தது என்னும் வினாவுக்கு அவர் ஒரே விடை கூறியதில்லை. 'தண்ணீர் இன்று எதைக் கொண்டு வருகிறது, பார்' என்பார். மழையின் புதுநீர் எருவிட்ட வயல்களில் ஊறி வழிந்து, புழுக்களை அரித்துக்கொண்டு வரும் நாள்களில், மீனும் புழுவையே எதிர்பார்த்துக் கிடக்கும். அன்று மண்புழுவுக்கு நிகரான இரை இல்லை. எருக்குழியின் ஓரத்திலும், பாத்திரம் கழுவிய நீர் பாயும் வாழையடியிலும் தோண்டினால் அது கொழுத்துக் கிடைக்கும். கால்வாய் அடைக்கப்பட்டு, எஞ்சிய நீர் மதகடி மடுக்களில் தெளிந்து நிற்கும்பொழுது புழுவின் வரவு நின்றுவிடும். அப்போது சிறுமீனையும் இறாலையுமே பெரிய மீன்கள் தேடும். செத்த கெண்டைக்குஞ்சை இரண்டாக அரிந்து, குருதி கசியும் பக்கம் வெளியே தெரியக் கோத்தல் வேண்டும். மாவுருண்டை கெண்டைக்கு உரியது; கெளுத்தி அதனைத் தொட்டாலும் முழுமனத்தோடு தொடுவதில்லை என்பது அவர் கருத்து.

வாளையும் கெளுத்தியின் சுற்றத்தைச் சேர்ந்ததே. குறுந்தொகையின் எட்டாம் பாட்டில், வயலருகே நின்ற மாமரத்திலிருந்து கனிந்து விழும் பழத்தை வாளைமீன் கவ்வும் காட்சியை ஆலங்குடி வங்கனார் பாடியுள்ளார். ஊன் உண்ணும் வாளை மாம்பழத்தைக் கவ்வுமோ என ஐயுறுவோர் உளர். நீரில் விழுந்தது யாதாயினும் பாய்ந்து பற்றுவது அதன் இயல்பு. மரம் இரையிட்டது, மீன் வந்தது, முள் ஒன்றுதான் அங்கே இல்லை. சூதில் வந்த வெற்றியை மீன் விழுங்கிய தூண்டில் இரும்புக்கு ஒப்பிட்ட திருவள்ளுவர் மீனின் ஏமாற்றத்தைக் கண்டார். வங்கனாரோ நீரும் மரமும் மீனும் கூடிய வளத்தைக் கண்டார். அந்த வாளை இன்று அருகிவருகின்றது. உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அதனை அழியும் வாய்ப்புள்ள இனங்களின் வரிசையில் வைத்துள்ளது.

வாளைக்கும் விராலுக்கும் தவளையை இரையாக இடுவோர் உண்டு. முதியவர் தவளையை மட்டும் தொடுவதில்லை. துருவாசரின் சாபத்தால் தவளையான சுதபசு முனிவருக்கு விடுதலை அளிக்கவே அழகர் சித்திரைத் திங்களில் மலையை விட்டு இறங்கி, வைகை கடந்து, வண்டியூர்த் தேனூர் மண்டபத்திற்கு எழுந்தருள்கிறார் என்பது மதுரை நாட்டார் வழிவழியாகக் கேட்டுவரும் கதை. "அழகர் விடுதலை கொடுத்ததை நான் முள்ளில் மாட்டுவதா?" என்பார் அவர். "அப்படியானால் புழு மட்டும் என்ன பாவம் செய்தது, ஐயா?" என்று பேரன் கேட்டபோது, முதியவர் சிறிது நேரம் தக்கையையே பார்த்துக்கொண்டிருந்தார், "கேட்க வேண்டிய கேள்விதான்" என்று மட்டும் சொன்னார்.

ஒருநாள் பேரன் கறிக்கடையிலிருந்து கோழிக்குடல் ஒரு பை நிறையக் கொண்டுவந்தான். காசு கொடாமல் கிடைத்த இரை, நாற்றமோ மிகுதி. கெளுத்தி நாற்றத்தை நாடும் என்று பாட்டனாரே சொல்லியிருக்க, இதைவிடச் சிறந்த இரை எது?

"வரும், தம்பி. இதற்கு மீன் வரும். பத்து ஆண்டுக்கு முன் இந்த இடத்தில் இதற்கு இவ்வளவு விரைவாக வந்ததில்லை. இப்போது வருகிறதென்றால், தண்ணீரில் தினமும் கோழிக்குடல் வருகிறது என்று பொருள்" என்றார் முதியவர்.

அவர் சொல்லி முடிக்குமுன் தக்கை ஆழ்ந்தது. கழி வளைந்தது. இருவரும் சேர்ந்து இழுத்துக் கரையேற்றிய மீன் முழங்கை நீளம் இருந்தது. தட்டையான பெருந்தலை, கருமையும் சாம்பலும் திட்டுத்திட்டாகக் கலந்த மேனி, முதுகின் நெடுமையும் ஓடிய துடுப்பு. கெளுத்தியின் முதுகில் முள்ளோடு நிற்கும் குட்டைத் துடுப்பு இதற்கு இல்லை. இது ஆப்பிரிக்கக் கெளுத்தி. ஒரு மீட்டருக்கு மேலும் வளரவல்லது. காற்றையும் உட்கொண்டு, அழுகிய நீரிலும் வாழ வல்லது. கழிவாயினும் பிற மீனின் குஞ்சாயினும் எதனையும் உண்பது. நாட்டு மீன்களுக்கு இதனால் விளையும் கேடு கருதி, இதனை வளர்ப்பதை இந்திய அரசு 2000-ஆம் ஆண்டில் தடைசெய்தது. எனினும் கள்ளத்தனமாக வளர்த்த குட்டைகளிலிருந்து வெள்ளத்தில் தப்பியவை பல நீர்நிலைகளிற் பரவிவிட்டன.

பேரன் மகிழ்ச்சி மிகுதியால் துள்ளினான். சற்றைக்கெல்லாம் இன்னொன்றும் அகப்பட்டது. அது விரல் நீளக் குஞ்சு. சிறு கெளுத்திகளை முள் நீக்கித் திரும்ப நீரில் விடுவது பாட்டனாரின் வழக்கமாதலின், அவனும் அதனை நீரில் விடக் குனிந்தான். முதியவர் அவன் கையைப் பற்றினார்.

"இதை விடக்கூடாது."

"சிறிசுதானே, ஐயா? சிறிசை விட்டுவிட வேண்டும் என்று நீங்கள்தானே சொன்னீர்கள்?"

"அது இந்தக் கால்வாயின் பிள்ளை, விட்டேன். இது அந்தப் பிள்ளைகளைத் தின்ன வந்தது."

பேரனுக்கு அது எளிதில் விளங்கவில்லை. குஞ்சு அவன் உள்ளங்கையில் மீசையை அசைத்துக்கொண்டிருந்தது. பார்வைக்கு அதுவும் பாவமாகவே இருந்தது. முதியவரும் மகிழ்வோடு அதனைச் செய்தார் அல்லர். குஞ்சை வாங்கிக் கல்லில் ஒருமுறை தட்டிப் பெரிய மீனின் அருகே வைத்தார். பெரிய மீன் கரைக்கு வந்து அரைமணி நேரம் ஆகியும் அதன் செவுள் அசைந்துகொண்டிருந்தது.

எஞ்சிய குடற்பையைப் பேரன் கால்வாயில் வீசவில்லை. தென்னந்தோப்பின் ஓரத்தில் குழி தோண்டிப் புதைத்துவிட்டு வந்தான். பின்னர்க் கரையில் அமர்ந்து, சேற்றை அள்ளி இரு கைகளையும் தேய்த்துக் கழுவினான். முகர்ந்து பார்த்து, மீண்டும் கழுவினான். மூன்றாம் முறையும் கழுவியபின் சிரட்டையை நோக்கிக் கை நீட்டினான்.